கறிவேப்பிலைக்குப் பெயர் தந்த கறையான் ஆய்வாளர்

சென்ற தீபாவளி விடுமுறையில், புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்துத் தோட்டத்திலுள்ள பாட்டி வீட்டில் தங்கியிருந்தேன். பாட்டியின் கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி உண்டு. தாத்தா பால்மரம் சீவிய காலத்துச் சம்பளச் சீட்டுகள், இருவரின் திருமணப் புகைப்படம், தமிழ்நாட்டிலிருந்து வந்த பழைய கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. வீடு கூட்டுவதற்காகப் பெட்டியை இழுத்தேன். அடிப்பலகை கையோடு வந்துவிட்டது. உள்ளே காகிதம் இல்லை. ஈர மண்ணும், அதற்குள் நெளியும் வெள்ளைக் கறையான்களும்தான் இருந்தன. தாத்தாவுக்கு வேறு புகைப்படம் கிடையாது. பாட்டி அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து அடுப்படியில் இன்னொரு விருந்தாளி. மசாலா டப்பாவுக்குப் பின்னால் சின்னஞ்சிறு பழுப்பு நிறக் கரப்பான்பூச்சி ஒன்று ஓடியது. கால்வாயிலிருந்து வரும் பெரிய கரப்பானைத்தான் பார்த்திருக்கிறேன், இந்தச் சின்ன இனம் இந்த வீட்டில் இருந்ததே இல்லை என்றார் பாட்டி. அதைப் பிடித்துப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் இரண்டு கரிய கோடுகள். எங்கள் பல்கலைக்கழக விடுதியில் தினமும் பார்க்கும் அதே ஜெர்மானியக் கரப்பான்! என் புத்தகங்களைக் கட்டி எடுத்துவந்த அட்டைப்பெட்டியில்தான் அது வந்திருந்தது.

ஆக, ஒரே வீட்டில் இரண்டு எதிரிகள். ஒன்று நாங்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தது. மற்றொன்றை அழைத்து வந்தது நான். இவற்றில் ஊடுருவி எது? உயிரியல் படிக்கும் எனக்கு இந்தக் கேள்வி விடுமுறை முடிந்த பிறகும் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. விடை தேடிப் போன இடத்தில், 240 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு மருத்துவரைச் சந்தித்தேன். அவர் பெயர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் பாட்டி வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கறிவேப்பிலை மரத்தின் அறிவியல் பெயர் முர்ராயா கோனிகி. நம் வீட்டில் கடுகு வெடிக்கும் ஒவ்வொரு வேளையும் அவர் பெயரும் சேர்ந்தே தாளிக்கப்படுகிறது.

பனி நாட்டிலிருந்து தரங்கம்பாடிக்கு

கோனிக் 1728ஆம் ஆண்டு, இன்று லாட்வியா என்று அழைக்கப்படும் நாட்டில் பிறந்தவர். சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயசிடம் பாடம் கேட்டார். நாம் படிவம் 4, 5 உயிரியல் பாடத்தில் படிக்கிறோமே, ஓர் உயிருக்குப் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என இரண்டு பெயர் வைக்கும் முறை, அதை நிலைநிறுத்தியவர் இந்த லின்னேயஸ்தான்.

அதன் பிறகு கோனிக் டென்மார்க்கில் வாழ்ந்தார். 1764, 1765ஆம் ஆண்டுகளில் ஐஸ்லாந்து தீவின் செடிகொடிகளைச் சேகரித்தார். அங்கே அவர் கண்டெடுத்த, விரல் நகம் அளவே வளரும் ஒரு குளிர்நாட்டுச் செடிக்கு லின்னேயஸ் கோனிகியா என்று பெயர் வைத்தார். பனியில் வளரும் மிகச் சிறிய செடி ஒன்றும், வெயிலில் வளரும் நம் கறிவேப்பிலையும் ஒரே மனிதரின் பெயரைச் சுமப்பது எனக்கு வியப்பாக இருந்தது.

1767இல் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. அன்று டேனிஷ்காரர்களின் கையில் இருந்த தரங்கம்பாடியில், கிறிஸ்துவ மிஷனுக்கு மருத்துவர் பதவி. தமிழில் முதன்முதலில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு வாழ்ந்த அதே ஊர். வழியில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் கப்பல் நின்றபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. 1768 ஏப்ரல் மாதம் முழுக்கச் செடிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார்.

தரங்கம்பாடியில் பகலில் நோயாளிகளைப் பார்த்தார். மிச்ச நேரமெல்லாம் வயல், வாய்க்கால், புதர், புற்று என்று அலைந்தார். பார்த்ததை உலர்த்தி, எழுதி, ஆசிரியருக்கு அனுப்பினார். அப்படிப் போன கறிவேப்பிலைக்குத்தான் லின்னேயஸ் 1771இல் பெர்கேரா கோனிகி என்று பெயரிட்டார். முர்ராயா என்ற முன்பெயர் பின்னால் வந்தது. பெர்கேரா என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கறையான் புற்றுக்கு அருகில் அது மறுபடியும் வரும்.

மிஷன் தந்த வருமானம் அவருடைய ஆராய்ச்சிப் பயணங்களுக்குப் போதவில்லை. 1774இல் ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். 1778இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசு அவரை இயற்கை ஆய்வாளராக நியமித்தது. நிலையான மருத்துவ வேலையை விட்டுவிட்டுப் பூச்சியும் புல்லும் பார்க்கப் போனவர் என்று ஊரார் என்ன பேசியிருப்பார்களோ! எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு மருத்துவம் எடுக்காமல் பூச்சியியல் பக்கம் சாயும் எனக்கு அந்தப் பேச்சு ஓரளவு புரிகிறது.

புற்றைத் தோண்டியவர்

தஞ்சாவூர்ப் பகுதியில் சுற்றியபோது கோனிக் கறையான் புற்றுகளைத் தோண்டித் தோண்டிப் பார்த்தார். அங்கே கண்டவற்றை, வெள்ளெறும்புகள் என்று சொல்லப்படும் பூச்சிகளின் வரலாறு என்ற பொருளில் ஒரு நீண்ட கட்டுரையாக ஜெர்மன் மொழியில் எழுதினார். பெர்லினில் இருந்த இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் இதழில் 1779இல் அது வெளிவந்தது. புற்றுக்குள் வளரும் பூஞ்சையை முதன்முதலில் கவனித்து எழுதியவர்களில் அவரும் ஒருவர். இன்று நமக்குத் தெரியும், அது கறையான்களின் தோட்டம். நம் சிலாங்கூர்த் தோட்டங்களில் அதிகம் காணும் மண்புற்றுகளைக் கட்டும் மக்ரோடெர்மிஸ் கில்வஸ் என்ற இனமும் இதே வேலையைத்தான் செய்கிறது. காய்ந்த இலை, குச்சிகளைத் தின்று, அதன் கழிவில் பூஞ்சையை வளர்த்து உண்கிறது. செம்பனைத் தோட்டங்களில் நிற்கும் புற்றுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். அவை நம் மரங்களின் எதிரி அல்ல. மட்கிய இலையை மீண்டும் மண்ணாக்கும் உழவர்கள்.

கோனிக் எழுதியவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது ஈசல் பிடிக்கும் முறை. 1781இல் ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி லண்டனில் எழுதிய ஹென்றி ஸ்மீத்மன், கோனிக் சொன்னதை அப்படியே எடுத்துக் கூறுகிறார். புற்றில் இரண்டு துளைகள் போடுவார்களாம். ஒன்று காற்று வரும் பக்கம், மற்றொன்று காற்று போகும் பக்கம். காற்று போகும் பக்கத்தில் ஒரு பானையின் வாயை வைத்து, எதிர்ப்பக்கத்தில் நாற்றமடிக்கும் பொருள்களை எரிப்பார்கள். புகை தாங்காமல் ஈசல்கள் பானைக்குள் பாயும். சில நேரம் நல்லபாம்பும் சேர்ந்து பானைக்குள் வந்துவிடுமாம்! கறையான் புற்றில் பாம்பு குடியேறிய கதை பழமொழி மட்டுமல்ல போலும்.

அந்தப் பானையின் உட்புறத்தில் ஒரு நறுமணத் தழையை முன்கூட்டியே தேய்த்து வைப்பார்கள் என்றும் கோனிக் எழுதியிருக்கிறார். அந்தத் தழையின் பெயர் பெர்கேரா. லின்னேயசின் ஏட்டில் பெர்கேரா என்றால் கறிவேப்பிலை! பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து, ஏழை மக்களுக்கு மலிவாக விற்பார்கள் என்றும், அளவுக்கு மிஞ்சித் தின்றால் வயிற்றுவலியும் சீதபேதியும் வந்து உயிரையே குடிக்கும் என்றும் அவர் குறித்திருக்கிறார். அங்கே பேசுவது மருத்துவர்.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். கறிவேப்பிலை தேய்ப்பதைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார். ஆனால் மழை விட்ட மாலையில் விளக்குக்கு அடியில் தண்ணீர்ச் சட்டி வைத்து ஈசல் பிடித்ததும், சிறகை ஊதித் தள்ளிவிட்டு அரிசியோடு வறுத்ததும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெட்டி போன துக்கத்தில் இருந்தவர் அன்றுதான் சிரித்தார். கோனிக்கிற்குப் புற்றையும் பானையையும் காட்டித் தந்த உழவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. இலைக்கு அவர் பெயர் இருக்கிறது. அறிவைத் தந்தவர்களுக்குப் பெயர் இல்லை. ஆனாலும் அவர்களின் அறிவை அற்பம் என்று ஒதுக்காமல் எழுதிவைத்தாரே, அதற்காகவே அவருக்கு நன்றி சொல்லலாம்.

நம் கரைக்கு எதிரே ஒரு கப்பல்

கோனிக்கின் கதையில் நமக்கும் ஓர் இடம் உண்டு. கம்பெனி வேலையில் சேர்ந்த 1778ஆம் ஆண்டிலேயே அவர் கிழக்கே கப்பலேறினார். சயாமுக்குப் போனார். 1779இல் மலாக்காவைப் பார்த்தார். அன்று ஜங்க் சிலோன் என்று அழைக்கப்பட்ட இன்றைய புக்கெட் தீவிலும் தங்கினார். இஞ்சி, மஞ்சள் குடும்பச் செடிகளைப் பற்றி இந்தப் பயணத்தில் அவர் எழுதிய குறிப்புகள் பின்னர் ஐரோப்பாவில் அச்சேறின.

மலாக்காவிலிருந்து வடக்கே புக்கெட் போகும் கப்பல் மலாக்கா நீரிணை வழியாகத்தான் போக வேண்டும். கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி குன்றின் மேல் நின்றால் அதே நீரிணை கண்ணுக்கு எட்டும் தூரம் வரை விரிந்து கிடக்கிறது. பெர்லினில் அவருடைய கறையான் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டில், அவர் இந்தக் கடற்பகுதியில் இருந்தார். அந்தக் காலத்துக் கப்பல்களில் மனிதர்கள் மட்டும் பயணம் செய்யவில்லை. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கரப்பான்களும், மரச்சட்டங்களுக்குள் கறையான்களும் பயணம் செய்தன.

ஆசிரியர் பிரித்ததை மரபணு சேர்த்தது

லின்னேயஸ் 1758இல் பூச்சிகளை வரிசைப்படுத்தியபோது கரப்பானை வண்டுகளோடு வைத்தார். கறையானைப் பேன், தெள்ளுப்பூச்சி போன்ற சிறகில்லாத உயிர்களோடு சேர்த்தார். எத்தனை தூரம்! ஐரோப்பாவில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். ஆனால் 2007இல் லண்டன் ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, கறையான்கள் தனி வரிசை அல்ல, கரப்பான் குடும்ப மரத்தின் ஒரு கிளைதான் என்று உறுதிசெய்தார்கள். மரத்தைத் தின்று, கூட்டமாக வாழப் பழகிய கரப்பான்தான் கறையான். எறும்போ தேனீ, குளவிகளின் உறவு. ஆகவே வெள்ளெறும்பு என்ற பெயர் அடிப்படையிலேயே தவறு.

உறவினர்கள்தான், ஆனால் ஊர் விட்டு ஊர் போகும் வழி இரண்டுக்கும் வேறு. ஜெர்மானியக் கரப்பான் பெண் 30 முதல் 40 முட்டைகள் கொண்ட உறையை, குஞ்சு பொரிக்கும் நேரம் நெருங்கும்வரை வயிற்றிலேயே சுமந்து திரிகிறது. ஒரே ஒரு தாய் உங்கள் பைக்குள் ஏறினால் போதும், புதிய வீட்டில் ஒரு தலைமுறை தொடங்கிவிடும். மனிதர் வாழும் இடங்களுக்கு வெளியே, காட்டில் இந்த இனம் வாழ்வதே இல்லை. நம் அடுப்படிதான் அதன் நாடு.

கறையானுக்கு அப்படி ஓடத் தெரியாது. லட்சக்கணக்கில் கூடி மண்ணோடும் மரத்தோடும் கட்டுண்டு வாழ்வது அது. ஆனால் சில இனங்கள் தாம் தின்னும் மரத்துக்குள்ளேயே கூடு கட்டும். ராணி இல்லாவிட்டாலும், கூட்டத்தில் உள்ள மற்றவற்றிலிருந்து புதிய ராணியை உருவாக்கிக்கொள்ளும். அப்போது ஒரு மரத்துண்டே ஒரு குட்டி ராஜ்ஜியம். கப்பலில் ஏற்றிவிட்டால் மறுகரையில் புதிய குடி தொடங்கும். 2013இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, உலகில் ஏறத்தாழ 3,000 கறையான் இனங்களில் 28 மட்டுமே ஊடுருவிகள் என்று கணக்கிட்டது. மரம் தின்பது, உணவிலேயே கூடு கட்டுவது, புதிய ராணியை எளிதில் உருவாக்குவது ஆகிய இந்த மூன்று குணங்களும்தான் அவற்றை ஊடுருவிகளாக்கின என்றும் விளக்கியது.

யார் ஊடுருவி?

இப்போது பாட்டியின் பெட்டிக்கு வருவோம். அதில் இருந்தவற்றில் சிலவற்றைச் சின்னப் புட்டியில் போட்டு எங்கள் விரிவுரையாளரிடம் காட்டினேன். சிப்பாய்க் கறையானைத் தொட்டால் அதன் நெற்றியிலிருந்து ரப்பர்ப் பால் போல வெள்ளைத் திரவம் வடியும். அதைப் பார்த்ததும் கோப்டோடெர்மிஸ் பேரினம் என்றார் அவர்.

இந்தப் பேரினத்தில் நமக்கு முக்கியமானவை இரண்டு. முதலாவது கோப்டோடெர்மிஸ் கர்விக்னாத்தஸ். காட்டில் விழுந்த மரங்களைத் தின்று வாழ்ந்த உள்ளூர் இனம். காட்டை அழித்து, பிரேசிலிலிருந்து வந்த ரப்பரையும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்பனையையும் நட்டோம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானதும் நம் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். காட்டு மரம் போனது. எதிரில் நின்ற புது மரத்தை அது தின்னத் தொடங்கியது. மட்கிய மரங்கள் புதைந்து கிடக்கும் கரிமண் சதுப்பு நிலங்களில் செம்பனைக்கு இதுவே பெரிய பகை.

இரண்டாவது கோப்டோடெர்மிஸ் கெஸ்ட்ரோய். இதுவும் தென்கிழக்காசியாவின் இனம்தான். நம் ஊர்க் கட்டடங்களை அரிப்பது பெரும்பாலும் இது. ஆனால் 1923இல் பிரேசிலிலும், 1996இல் அமெரிக்காவின் மியாமி நகரிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். இங்கே உள்ளூர்க்காரன், அங்கே ஊடுருவி. பூச்சி மாறவில்லை, கப்பலும் படகும்தான் அதன் இடத்தை மாற்றின. வேடிக்கை என்னவென்றால், 1900களின் தொடக்கத்தில் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் மரங்களைக் கொன்ற கறையானை அதிகாரிகள் கெஸ்ட்ரோய் என்றே எழுதிவந்தார்கள். அது கர்விக்னாத்தஸ் என்ற வேறு இனம் என்பது பிறகுதான் தெளிவானது.

பெயர் ஏமாற்றுவதற்குக் கரப்பானைவிடச் சிறந்த சான்று இல்லை. ஜெர்மானியக் கரப்பானுக்கு லின்னேயஸ் பெயர் வைத்த ஆண்டு 1767. கோனிக் தரங்கம்பாடி வேலையை ஏற்றதும் அதே ஆண்டில்தான். ஆனால் 2024இல் வந்த மரபணு ஆய்வு, இந்த இனம் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியன்மாரிலோ, ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது என்று காட்டியது. அங்கிருந்து சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் மேற்கே மத்திய கிழக்கு நாடுகளுக்கும், சுமார் 390 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியர் ஆதிக்கக் காலத்தில் கிழக்கேயும் பரவியது. ஆசிரியர் அதைத் தம் ஊர்ப்பக்கம் பார்த்து ஜெர்மானியன் என்றார். அதன் பூர்வீகத்தை நோக்கி மாணவர் கப்பலேறிக்கொண்டிருந்தார். இருவருக்கும் அது தெரியாது. நம் கால்வாய்களில் திரியும் அமெரிக்கக் கரப்பானும் அமெரிக்காவில் தோன்றியதல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் போனது என்பதே அறிஞர்களின் பொதுவான கருத்து.

வந்தேறி என்ற சொல் யார் மீது விழுந்தாலும் வலிக்கும் என்று அறிந்த சமூகத்தில் வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் இந்தச் சொல்லில் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். அறிவியலில் வெளியூரிலிருந்து வந்த எல்லாமே ஊடுருவி ஆகாது. ரப்பரும் செம்பனையும் வெளியூர்தான்; அவற்றால்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. வந்த இடத்தில் கட்டின்றிப் பெருகித் தீங்கு செய்யும் இனத்தை மட்டுமே ஊடுருவி என்கிறோம். பாட்டி வீட்டில் அந்தப் பெயருக்கு உரியது கரப்பான். அதை ஏற்றி வந்த கப்பல் என் அட்டைப்பெட்டி. பெட்டியை அரித்த கறையான் உள்ளூர்க்காரன். ஈரமான தரையில் மரப்பெட்டியை வைத்தது எங்கள் பிழை.

காகினாடாவில் முடிந்த பயணம்

கீழை நாடுகளிலிருந்து திரும்பிய கோனிக் ஓய்ந்துவிடவில்லை. 1785இல் கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்டார். வழியில் கடுமையான சீதபேதி தாக்கியது. அப்போது ஆந்திரப் பகுதியில் இருந்த மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க் அவருக்குச் சிகிச்சை அளித்தார். பலனில்லை. 1785 ஜூன் 26ஆம் நாள், காகினாடாவை ஒட்டிய ஜகந்நாதபுரத்தில் கோனிக் காலமானார். வயது 56. அவரிடம் பழகிய ராக்ஸ்பர்க் பின்னாளில் இந்தியத் தாவரவியலின் தந்தை என்று போற்றப்பட்டார்.

கோனிக் எழுதியவற்றில் பெரும்பகுதி அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. தம் காகிதங்களை எல்லாம் லண்டனிலிருந்த சர் ஜோசப் பேங்க்சுக்கு விட்டுச்சென்றார். நூறாண்டுக்கும் மேல் கழித்து, 1894இல், சயாம், மலாக்கா பயணக் குறிப்புகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டுச் சிங்கப்பூரில் நடந்துவந்த ஓர் ஆய்விதழில் வெளிவந்தன. கறையானைப் பற்றி எழுதியவரின் காகிதங்களைக் கறையான் தின்னவில்லை. தாத்தாவின் சம்பளச் சீட்டுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

விடுமுறை முடிவதற்குள் இரண்டு வேலைகள் செய்தேன். அடுப்படியில் மருந்தைச் சும்மா தெளிக்காமல், கரப்பான் தின்று சாகும் பசை மருந்தை இடுக்குகளில் வைத்தேன். என் அட்டைப்பெட்டியை வெளியே எடுத்து எரித்தேன். பிறகு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெட்டியில் என்னென்ன இருந்தன, கடிதங்களில் யார் யார் என்ன எழுதியிருந்தார்கள், கல்யாணப் படத்தில் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாதி நிறைந்திருக்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கலாம். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது அதை முதலில் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். உள்ளே இருப்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பிறகு பாட்டியிடம் கேளுங்கள்.